ஆறுமணிக்குருவியின் ஆறு மாதக் குடியிருப்பு



இம்முறை நமது பாடம் ஒரு குருவியைப் பற்றியது. "சம்பளத்தப் பத்தி எழுதாம குருவியப் பத்தி எழுதுறாங்களே" என்று சிலர் நினைக்கலாம். நினைப்பதில் தப்பில்லை. ஆனால் இது பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்து, நமது லயத்துக்குப் பின்னால் ஓடைப் பற்றைக்குள் ஓர் இடம் பிடித்து, ஆறு மாதம் அந்த இடத்தைக் காத்து, பிறகு திரும்பிப் போகும் குருவி. இதன் கதையில் நமக்குப் பழக்கமான விஷயங்கள் நிறைய உண்டு. ஆகவே பொறுமையாகப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.

வெள்ளவத்தையில் விழுந்த விருந்தாளி

நான் வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் ரயில் பாதைக்கும் இடையில் உள்ள ஒரு ஒழுங்கையில் மேல்மாடி அறை ஒன்றில் வாடகைக்கு இருக்கிறேன். ஓர் ஒக்டோபர் மாத இரவு, நல்ல மழை. நடுச்சாமத்தில் யன்னல் கண்ணாடியில் "டொப்" என்று ஒரு சத்தம். விடிந்ததும் பார்த்தால், பல்கனி மூலையில் ஒரு குருவி சுருண்டு கிடக்கிறது. பச்சை முதுகு, தோளில் பளபளக்கும் நீலம், அடிவயிற்றில் இரத்தச் சிவப்பு. வீட்டுக்கார அம்மா ஓடி வந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"ஐயோ தம்பி, செத்துப்போச்சே? கிளிக்குஞ்சு போல கிடக்கு. கொஞ்சம் தண்ணி பருக்கிப் பாப்பமே?"

அன்று ஞாயிற்றுக்கிழமை. கொட்டாஞ்சேனையில் ஒரு இரும்புச் சாமான் கடையில் வேலை செய்யும் பையன் ஒருவன், சாதாரண தரப் பரீட்சையைத் திரும்ப எழுதுவதற்காக, ஞாயிறுதோறும் என்னிடம் கணக்குப் படிக்க வருவான். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அவன் வந்து எட்டிப் பார்த்தவுடன் சொன்னான்:

"கிளி இல்லீங்கம்மா. இது எங்க ஆறுமணிக்குருவி. லயத்துக்குப் பின்னால ஓடைக்குள்ள கத்தும். இது கத்துனா எங்க அம்மாயி அடுப்பு பத்த வச்சிருவாங்க."

பிறகு என் பக்கம் திரும்பி, "இது எதுக்கு சேர் கொழும்புக்கு வந்துச்சி?" என்று கேட்டான்.

"நீ எதுக்கு வந்தாய்?"

சிரித்தான். "பொழப்புக்குத்தான்."

"அதுவும் அதற்குத்தான் வந்திருக்கிறது" என்றேன்.

கரண்டியால் தண்ணீர் ஊட்ட வந்த அம்மாவைத் தடுத்தோம். மயக்கத்தில் கிடக்கும் பறவையின் வாயில் தண்ணீர் விட்டால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சப்பாத்துப் பெட்டி ஒன்றில் ஓட்டை போட்டு, பழந்துணி விரித்து, குருவியை உள்ளே வைத்து மூடி, இருட்டான மூலையில் வைத்தோம். பையன் கணக்குச் செய்து முடிக்கும் வரையில் பெட்டிக்குள் சத்தமே இல்லை. பொழுதுபடப் போகும் நேரத்தில் பின்வளவில் ஈரப்பலா மரத்தடியில் பெட்டியைத் திறந்தோம். குருவி எழுந்து நின்றது, இரண்டு தத்துத் தத்தியது, சருகை ஒரு தடவை புரட்டிப் பார்த்தது, பிறகு பக்கத்து வீட்டு மதிலைத் தாண்டிப் பறந்துவிட்டது.

யார் இந்தக் குருவி?

ஆறுமணிக்குருவி மைனாவை விடக் கொஞ்சம் சிறியது. வால் இருப்பதே தெரியாது, அவ்வளவு குட்டை. கால்கள் உறுதியானவை. எடை ஐம்பது அறுபது கிராம், அதாவது நாம் கடையில் வாங்கும் சின்னத் தேயிலைப் பைக்கற்றின் எடைதான். கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, அதற்கு மேல் வெள்ளைக் கோடு, தொண்டை வெள்ளை, நெஞ்சு மண்மஞ்சள். வட இந்தியாவில் இதற்கு நவரங் என்று பெயர், ஒன்பது நிறம் என்று பொருள். ஆராய்ச்சியாளர்கள் இந்த இனத்துக்கு வைத்திருக்கும் பிட்டா என்ற பெயர் தெலுங்குச் சொல். தெலுங்கில் பிட்ட என்றால் சின்னக் குருவி.

இவ்வளவு நிறம் இருந்தும் கண்ணில் படுவது கஷ்டம். நிழலான இடத்தில், தரையில், சருகுக்குள்தான் இதன் சீவியம். கோழி கிளறுவது போலச் சருகைப் புரட்டிப் புரட்டி மண்புழு, வண்டு, புழு பூச்சிகளைத் தின்னும். ஆகவே நம்மில் அதிகம் பேர் இதைக் கண்டதைவிடக் கேட்டதுதான் அதிகம். விடியும் நேரத்திலும் பொழுது சாயும் நேரத்திலும் இரண்டு சீழ்க்கை சேர்ந்தாற்போல் கூப்பிடும்.

தமிழில் மணியை வைத்துப் பெயர் சொன்னார்கள். அந்தப் பெயர் நமது நாட்டுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று பாருங்கள். இலங்கை பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்குச் சூரியன் உதிக்கும் நேரம் வருஷம் முழுக்க அதிகம் மாறாது. குருவி இங்கே இருக்கும் மாதங்களில் ஆறு மணியை ஒட்டித் தொடங்கி ஆறரைக்குள் சூரியன் உதித்துவிடும், மாலையிலும் ஆறு மணியை ஒட்டியே பொழுது சாயும். மணிக்கூடு இல்லாத காலத்தில் பெரட்டுக்குப் போனவர்களுக்கு இந்தக் குருவி ஒரு நம்பகமான மணிக்கூடு.

சிங்கள மக்கள் இதை அவிச்சியா என்பார்கள். அதுவும் கூப்பிடும் சத்தத்தில் பிறந்த பெயர். முன்னொரு காலத்தில் இந்தக் குருவியின் அழகான உடுப்பை மயில் திருடிக்கொண்டு போய்விட்டதாம். அந்த வழக்கைத்தான் காலையும் மாலையும் முறையிடுகிறது என்று அவர்களிடம் ஒரு கதை உண்டு.

எங்கிருந்து, ஏன் வருகிறது?

ஆறுமணிக்குருவி இலங்கையில் கூடு கட்டுவதில்லை. முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதெல்லாம் இந்தியாவில், இமயமலை அடிவாரத்திலும் மத்திய, மேற்கு இந்தியாவின் காடுகளிலும்தான். அங்கே தென்மேற்குப் பருவ மழை இறங்கும் மாதங்களில் காய்ந்த புல்லையும் இலையையும் கொண்டு உருண்டையாக ஒரு கூடு கட்டும். தாயும் தகப்பனும் மாறி மாறி அடைகாக்கும்.

மழை முடிந்து, குளிர் தொடங்கினால் அங்கே தரை காய்ந்து இறுகிவிடும். மண்புழு ஆழத்துக்குப் போய்விடும், பூச்சியும் குறைந்துவிடும். சருகைப் புரட்டிப் பிழைக்கும் குருவிக்கு அது வேலையில்லாத காலம். அதே நேரம் நமது நாட்டில் ஒக்டோபர், நவம்பர் மழை. மண் நனைந்து, சருகு ஊறி, புழு பூச்சி மேலே வரும். ஆகவே குருவி குளிருக்குப் பயந்து மட்டும் ஓடிவரவில்லை. ஈர மண்ணைத் தேடி வருகிறது. வடக்கே மழை பெய்யும் போது வடக்கே, தெற்கே மழை பெய்யும் போது தெற்கே. தென்னிந்தியாவில் கொஞ்சம் தங்கிவிடும், மற்றவை கடல் கடந்து இலங்கைக்கு வரும். கரையோரத்திலிருந்து உயர்ந்த மலை வரைக்கும், நிழலும் சருகும் உள்ள இடமெல்லாம் இது பரவி இருக்கும்.

இமயமலை அடிவாரத்திலிருந்து இங்கே வருவதென்றால் 2,000 கிலோமீற்றருக்கு மேல். இந்தத் தூரத்தை இரவில்தான் பறந்து கடக்கிறது. இரவில் காற்று குளிர்ச்சியாக இருக்கும், உடம்பு சூடேறாது. வல்லூறு தொல்லை குறைவு. பகலில் இறங்கித் தீனி தேடலாம். இரவில் பறக்கும் சிறு பறவைகள் நட்சத்திரங்களைப் பார்த்தும், பூமியின் காந்த விசையை உணர்ந்தும் திசை பிடிக்கின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். இரண்டும் மனிதன் திசைகாட்டி செய்வதற்கு முன்பே பறவைக்குத் தெரிந்த வித்தை.

கடைசியில் கடல். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் ஏறக்குறைய 30 கிலோமீற்றர்தான். நமது முன்னோர்கள் வந்த வழியும் இந்தப் பக்கம்தானே. அந்தக் காலத்தில் தோணியில் வந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியது. 1964 டிசெம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது அந்தப் பாதை நின்றுபோனது. குருவிக்கு அன்றும் இன்றும் கப்பலும் இல்லை, கடவுச்சீட்டும் இல்லை. உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்புதான் அதன் வழிச்செலவு. அது தீர்ந்துபோய்க் கரை சேரும் குருவிகள், மழையிலும் விளக்கு வெளிச்சத்திலும் தடுமாறி, வீட்டுக்குள் புகுந்துவிடும், கண்ணாடியில் மோதிவிடும். எங்கள் வெள்ளவத்தைக் குருவிக்கு நடந்ததும் அதுதான்.

குளிர்கால எல்லை என்றால் என்ன?

இப்போது பாடத்தின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

பறவைகள் கூடு கட்டும் காலத்தில் ஓர் இடத்தைத் தனக்கென்று பிடித்து வைத்திருப்பது நமக்குத் தெரியும். குஞ்சுகளுக்குத் தீனி வேண்டும், கூட்டுக்குக் காவல் வேண்டும். ஆனால் கூடும் இல்லை, சோடியும் இல்லை, குஞ்சும் இல்லை என்ற காலத்திலும் சில பறவைகள் இடம் பிடிக்கின்றன. அப்படிப் பிடிக்கும் இடத்தைத்தான் குளிர்கால எல்லை என்கிறோம். ஆறுமணிக்குருவி அப்படிப்பட்ட பறவை. இங்கே வந்து சேர்ந்ததும் ஒவ்வொரு குருவியும் தனித்தனியாக ஒரு துண்டு நிலத்தைப் பிடித்துக்கொள்ளும். ஓர் ஓடை, ஒரு மூங்கில் பற்றை, ஒரு பழைய தோட்டத்து மூலை. அதற்குள் இன்னொரு ஆறுமணிக்குருவியை விடாது.

ஏன் இந்தப் பிடிவாதம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். கொழுந்து எடுத்த மலையில் அடுத்த நாளே மறுபடி கொழுந்து எடுக்க முடியுமா? ஒரு கிழமையாவது விட்டால்தான் துளிர் வரும். சருகுக்குள் இருக்கும் புழுவும் அப்படித்தான். இன்றைக்கு ஒரு பக்கம் கிளறினால், அங்கே மறுபடி சேர நாளாகும். ஆகவே குருவி இன்றைக்கு ஒரு மூலை, நாளைக்கு இன்னொரு மூலை என்று சுற்று முறையில் தீனி எடுக்க வேண்டும். இடையில் வேறொரு குருவி வந்து, தெரியாமல் அந்த மூலையைக் கிளறிவிட்டால் கணக்கெல்லாம் பிழைத்துப்போகும், இரண்டும் பட்டினி. அதனால் ஒரு துண்டுக்கு ஒரு குருவி.

எல்லாப் பறவைக்கும் இது பொருந்தாது. தகைவிலான் கூட்டம் கூட்டமாக வரும். அது ஆகாயத்தில் பறக்கும் பூச்சியைத் தின்னும் பறவை. பூச்சிக் கூட்டம் இன்றைக்கு இங்கே, நாளைக்கு வேறெங்கோ. காற்றுக்கு வேலி போட்டு என்ன பிரயோசனம்? தீனி ஓரிடத்தில் நிலையாக இருந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊறி வந்தால் மட்டுமே அந்த இடத்தைக் காப்பது இலாபம்.

சரி, எல்லையை எப்படிக் காக்கிறது? அடிபிடி குறைவு. சண்டை பிடித்து இறகு போனால் திரும்பிப் போகும் பயணம் என்னாவது? அதனால்தான் சத்தம். காலையிலும் மாலையிலும் கூப்பிடுவதன் பொருள் இதுதான்: "இந்த இடத்தில் நான் இருக்கிறேன், நீ அங்கேயே இரு." அடுத்த ஓடையில் உள்ள குருவி பதில் சொல்லும். இரண்டுக்கும் நடுவில் எங்கே எல்லை என்று இரண்டுக்கும் தெரிந்துவிடும். உறுதி எழுதவில்லை, நில அளவையாளர் வரவில்லை. ஆனாலும் அந்த ஆறு மாதமும் அது அதனுடைய நிலம்தான்.

ஏப்ரல் மாதம், சித்திரைப் புத்தாண்டு வரும் காலத்தில் சத்தம் நின்றுவிடும். குருவி வடக்கே புறப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

வடக்குக் கோடியில் ஒரு வெள்ளை ஆந்தை

இந்தக் குளிர்கால எல்லை என்ற வழக்கம் நமது குருவிக்கு மட்டும் உரியதல்ல. உலகத்தின் வடக்குக் கோடியில், மரமே முளைக்காத பனி வெளியில் பனி ஆந்தை என்று ஒன்று இருக்கிறது. நமது ஆந்தைகளைப் போலக் கபில நிறம் இல்லை, வெள்ளை. அது இலங்கைக்கு வருவதில்லை. ஆனால் அதன் குளிர்காலச் சீவியத்தை ஆராய்ச்சியாளர்கள் பல வருஷங்களாகக் கவனித்து வருவதால், நாம் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கோடையில் அந்த ஆந்தை லெம்மிங் என்ற சுண்டெலி போன்ற பிராணியைத் தின்னும். லெம்மிங் பெருகிய வருஷத்தில் ஒரு கூட்டில் பத்து முட்டைகூட இருக்கும். இல்லாத வருஷத்தில் கூடே கட்டாது. குளிர்காலம் வந்தால் எல்லா ஆந்தையும் ஒரே மாதிரி நடப்பதில்லை. சில தெற்கே கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இறங்கி வரும். கனடாவின் புல்வெளிகளில் கவனித்தபோது, வளர்ந்த பெண் ஆந்தைகள் சில நூறு ஏக்கர் வயல்வெளியைத் தமக்கென்று பிடித்து, மற்ற ஆந்தைகளைத் துரத்தி, வாரக்கணக்காக அங்கேயே இருந்தன. மற்றவை இடமில்லாமல் அலைந்து திரிந்தன. இன்னும் சில ஆந்தைகள் தெற்கே வராமல், இன்னும் வடக்கே, உறைந்த கடலுக்கே போய்விடுகின்றன. பனிக்கட்டிக்கு நடுவில் உறையாமல் கிடக்கும் நீரில் கூடும் கடல் தாராக்களைப் பிடித்துத் தின்று, சூரியனே உதிக்காத மாதங்களை அங்கே கழிக்கின்றன.

தெற்கே வரும் ஆந்தைக்கு விமான நிலையம் என்றால் விருப்பம். மரமில்லாத, புல் வெட்டிய, தட்டையான பெரிய வெளி. பிறந்த ஊர் போலவே இருக்கிறதல்லவா? ஆனால் விமானத்தில் மோதினால் ஆந்தைக்கும் சாவு, பயணிகளுக்கும் ஆபத்து. அமெரிக்காவின் பொஸ்டன் நகர விமான நிலையத்தில் 1981 முதல் இந்த ஆந்தைகளைச் சுடாமல், உயிரோடு பிடித்து வேறிடத்தில் கொண்டுபோய் விட்டு வந்திருக்கிறார்கள். 2013ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் வழக்கத்துக்கு மீறி ஏராளமான ஆந்தைகள் தெற்கே வந்தன. ஒன்று அட்லாண்டிக் கடல் நடுவில் உள்ள பெர்முடா தீவு வரைக்கும் போய்விட்டது. அந்தக் குளிர்காலத்தில்தான் ஆந்தைகளின் முதுகில் சின்ன ஜீ.பி.எஸ். கருவியைக் கட்டி அவை போகும் பாதையைப் பார்க்கும் பெரிய முயற்சி ஒன்று அங்கே தொடங்கியது.

பனி வெளியில் வெள்ளை ஆந்தை, தேயிலை மலை ஓடையில் ஒன்பது நிறக் குருவி. ஒன்று எலி பிடிக்கும், ஒன்று புழு பிடிக்கும். ஆனால் இரண்டுக்கும் சட்டம் ஒன்றுதான். தீனி நிலையாக உள்ள இடத்தைப் பிடித்தவன் குளிர்காலத்தைத் தாண்டுவான். இடம் கிடைக்காதவன் அலைவான்.

அதே குருவிதானா என்று எப்படிச் சொல்வது?

நாங்கள் பெட்டியைத் திறந்துவிட்டு மூன்று நாள் கழித்து, மாலை ஆறு மணிக்குப் பக்கத்து மதிலுக்கு அப்பால் ஆறுமணிக்குருவி ஒன்று கூப்பிட்டது. வீட்டுக்கார அம்மாவுக்குப் பெரிய சந்தோசம். "எங்கட குருவி தம்பி!" என்றார். அடுத்த ஞாயிறு பையனிடம் சொன்னேன். அவன் யோசித்துவிட்டுக் கேட்டான்: "அதே குருவின்னு எப்பிடி சேர் தெரியும்? எல்லாம் ஒரே மாதிரிதானே கத்தும்?"

கெட்டிக்காரக் கேள்வி. அடையாளம் வைக்காமல் சொல்ல முடியாது. அந்த அடையாளத்துக்காகத்தான் பறவையின் காலில் எண் பொறித்த மெல்லிய உலோக வளையம் மாட்டுகிறார்கள். மெல்லிய வலையில் பிடித்து, நிறுத்து, அளந்து, வளையம் போட்டு விட்டுவிடுவார்கள். அதே எண் வேறிடத்திலோ வேறு வருஷத்திலோ கிடைத்தால், அந்தப் பறவையின் கதை தெரியும். நமது நாட்டில் 2005இல் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களமும், கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இலங்கைக் களப் பறவையியல் குழுவும் சேர்ந்து பூந்தல தேசிய பூங்காவில் வளையமிடும் வேலையைத் தொடங்கின.

பெரிய பறவை என்றால் கருவி கட்டலாம். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் சம்பத் செனவிரத்னவின் குழு மன்னாரில் கடற்புறாக்களுக்கு ஜீ.பி.எஸ். கருவி கட்டியது. அவற்றில் மேகா என்று பெயர் வைத்த ஒரு கடற்புறா 2021இல் மன்னாரிலிருந்து புறப்பட்டு, இந்தியாவையும் மத்திய ஆசியாவையும் தாண்டி, ரஷ்யாவின் வடக்கே உள்ள பனிப் பிரதேசத்துக்குப் போய், மறுபடி மன்னாருக்கே வந்து சேர்ந்தது. பனி ஆந்தை வாழும் அதே வடக்குப் பனி வெளியிலிருந்து நமது மன்னார்க் கரைக்கு! உலகம் அவ்வளவு பெரிது, அவ்வளவு சிறிது.

நமது மலைக்கு வரும் மற்ற விருந்தாளிகள்

ஆறுமணிக்குருவி மட்டுமல்ல. ஓடைக் கல்லில் வாலை ஆட்டி ஆட்டி ஓடும் சாம்பல் வாலாட்டியைப் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும் எல்லோரும் கண்டிருப்பீர்கள். மஞ்சள் வயிறு, நீண்ட வால். அதுவும் வடக்கேயிருந்து வந்து, ஓடையில் ஒரு நீளத்தைத் தனக்கென்று பிடித்துக்கொள்ளும்.

வேலிக் கட்டையிலும் தேயிலைச் செடி உச்சியிலும் தனியாக உட்கார்ந்து, கரகரவென்று திட்டுவது போலச் சத்தம் போடும் பழுப்புக் கீச்சான், சைபீரியா, மொங்கோலியா பக்கத்துப் பறவை. வந்த புதிதில்தான் அதன் வாய் ஓயாது. எல்லை முடிவானதும் அமைதியாகிவிடும். வளையம் போட்டுப் பார்த்ததில் அது வருஷா வருஷம் அதே இடத்துக்குத் திரும்பி வருவது தெரிந்திருக்கிறது.

இன்னும் ஒன்று, காஷ்மீர் ஈப்பிடிப்பான். கைக்குள் அடங்கும் குருவி. ஆணுக்குத் தொண்டையும் நெஞ்சும் செம்மஞ்சள், ஓரத்தில் கறுப்புக் கரை. காஷ்மீர்ப் பக்கத்து மலையில் மட்டும் கூடு கட்டி, குளிர்காலத்தில் நமது மத்திய மலைநாட்டுக்கும் தென்னிந்திய மலைகளுக்கும் வருகிறது. தேயிலைத் தோட்டத்து ஓரங்களிலும் இருக்கும். இதைப் பார்ப்பதற்காகவே வெளிநாட்டார் நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்கு வருகிறார்கள். அவர்கள் காசு செலவழித்து வந்து பார்ப்பதை நாம் கொழுந்து எடுக்கும் போதே பார்க்கலாம்.

இரண்டு வீடு, இரண்டு பயம்

இப்படிப்பட்ட பறவைக்கு இரண்டு வீடு. வடக்கே ஒன்று, இங்கே ஒன்று. இரண்டில் எது போனாலும் பறவை போய்விடும். வடக்கே நாம் ஒன்றும் செய்ய முடியாது. இங்கே உள்ளது நமது கையில்.

பையன் அந்த வாரம் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, "அம்மா, ஓடையில கத்துதா?" என்று கேட்டிருக்கிறான். "போன கிழமையிலேருந்து கத்துது தம்பி. ஆனா ஒங்கப்பாவும் மாமாவும் ஓடைய வெட்டிப் போஞ்சி போடப் போறாங்க" என்று அம்மா சொன்னாராம். அவன் என்னிடம் வந்து, "போட வேணான்னு எப்பிடி சேர் சொல்றது? வீட்டுக்குச் செலவு இருக்கே" என்றான்.

அவன் கேட்டது நியாயம். தோட்டக் குடும்பம் மரக்கறி போடக் கூடாது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஓடையை ஒட்டிய கரையைச் சுத்தமாக மொட்டை அடித்தால் முதலில் நட்டப்படுவது நாம்தான். அந்தப் பற்றையின் வேர்தான் கரை மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. அதன் நிழல்தான் ஊற்றுத் தண்ணீர் காயாமல் காக்கிறது. மழைக்கு மண் கரைந்து பீலிக்கு வந்தால் குடிதண்ணீரும் கலங்கும். ஆகவே சரிவில் மேலே மரக்கறி போடலாம், ஓடையின் இரண்டு கரையிலும் சில அடி அகலத்துக்குப் பற்றையை விட்டுவிடலாம். நமக்குத் தண்ணீர், குருவிக்குச் சருகு.

பையன் இதையே வீட்டில் பேசினான். தகப்பன் முதலில், "குருவிக்குப் பாத்தா கறிக்கு எங்க போறது?" என்றாராம். ஊற்றுத் தண்ணீர்க் கதையைச் சொன்ன பிறகு யோசித்திருக்கிறார். கடைசியில் மேல் பாதியை வெட்டிப் போஞ்சி போட்டார்கள், கரையை விட்டுவிட்டார்கள்.

இன்னும் சில செய்யலாம்:

பிள்ளைகள் கெட்டப்போலால் குருவிக்கு அடிக்க வேண்டாம். 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புச் சட்டம் நமது காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவற்றைக் காக்கிறது. சட்டத்துக்காக மட்டுமல்ல, 2,000 கிலோமீற்றர் பறந்து வந்த உயிரை ஒரு கல்லில் முடிப்பது பாவம்.

கூட்டிய சருகையெல்லாம் கொளுத்த வேண்டாம். ஒரு மூலையில் குவித்து மக்கவிட்டால் மரக்கறிக்கு நல்ல பசளை.

களைநாசினி அடித்த போத்தலையும் தெளிகருவியையும் ஓடையில் கழுவ வேண்டாம். குருவிக்கும் கேடு, கீழ் லயத்தில் தண்ணீர் குடிக்கும் பிள்ளைக்கும் கேடு.

ஒக்டோபர், நவம்பரில் பூனையை இரவில் வீட்டுக்குள் வைத்திருங்கள். களைத்து விழும் குருவிக்குப் பூனைதான் முதல் எமன்.

மோதி விழுந்த குருவியைக் கண்டால், ஓட்டை போட்ட பெட்டியில் வைத்து, மூடி, இருட்டில் விடுங்கள். தண்ணீர் ஊட்டாதீர்கள், கையில் வைத்து எல்லோருக்கும் காட்டாதீர்கள். சுறுசுறுப்பு வந்ததும் பற்றை உள்ள இடத்தில் திறந்துவிடுங்கள்.

செய்து பாருங்கள்

பிள்ளைகளே, ஒரு பழைய கொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் லயம், பீலிக்கரை, ஓடை, கோயில், பாதை எல்லாம் தெரிய ஒரு படம் கீறுங்கள். மாலை ஐந்தே முக்காலிலிருந்து ஆறரை வரைக்கும் மூன்று பேர் மூன்று இடத்தில் நில்லுங்கள். எந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடும் சத்தம் வருகிறது என்று ஒவ்வொருவரும் அம்புக்குறி போடுங்கள். மூன்று அம்பும் சந்திக்கும் இடத்தில் குருவி இருக்கிறது. பத்து நாள் செய்தால், எத்தனை குருவி, ஒவ்வொன்றின் எல்லை சுமாராக எங்கே என்று படத்தில் தெரிந்துவிடும். முதல் நாள் கேட்ட திகதியையும் கடைசி நாள் கேட்ட திகதியையும் எழுதி வையுங்கள். அடுத்த வருஷமும் எழுதுங்கள். அண்ணன் எழுதியதைத் தம்பி தொடரட்டும்.

கேள்விகள்

1. ஆறுமணிக்குருவி எந்த மாதங்களில் நமது நாட்டில் இருக்கிறது? ஏன் வருகிறது?
2. கூடு இல்லாத காலத்திலும் அது ஓர் எல்லையைப் பிடிப்பதற்குக் காரணம் என்ன?
3. தகைவிலான் ஏன் அப்படி எல்லை பிடிப்பதில்லை?
4. பனி ஆந்தை விமான நிலையத்துக்கு வருவது ஏன்?
5. போன வருஷம் வந்த குருவிதான் இந்த வருஷமும் வந்தது என்பதை எப்படி நிச்சயப்படுத்தலாம்?
6. உங்கள் தோட்டத்து ஓடைக்கரையில் இப்போது பற்றை இருக்கிறதா? பெரியவர்களிடம் கேட்டு, முன்பு எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.

சித்திரைக்கு ஊருக்குப் போன பையன் திரும்பி வந்தபோது, போஞ்சி ஒரு பையும், கிழிந்த கொப்பித்தாள் ஒன்றும் கொண்டு வந்தான். தாளில் அவனுடைய தங்கை கீறிய படம். லயம், பீலி, ஓடை. ஓடைக்குப் பக்கத்தில் மூன்று அம்புக்குறி. கீழே, கடைசியாகக் கேட்ட திகதி. அதற்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்: "குருவி போயிருச்சு. ஐப்பசிக்கு வரும். எடம் அப்பிடியே இருக்கு."